ஓய்ந்த விமானமும் ஓர் ஆசானே

மாலை வேளையில் மாணவர் சிலருடன் கல்லடிப் பழைய பாலத்தின்மீது நடந்துகொண்டிருந்தோம். 1924ஆம் ஆண்டில் எழுந்த இரும்புப் பாலம் அது. 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டதும் பெரும் பாரம் சுமக்கும் பணியினின்று அதற்கு ஓய்வு கிடைத்தது. எனினும் அதனை எவரும் உடைத்தெறியவில்லை. அவ்வேளை வாவிக்கு மேலாக ஓர் ஆகாய விமானம் இரைந்துகொண்டு சென்றது. மாணவர்கள் அண்ணாந்து பார்த்தனர். நாமோ சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டோம்.

பிள்ளைகள் சிரித்தனர். அவர்கள் மீது பிழையில்லை. யுத்த காலத்தில் இளமையைக் கழித்தவர் நாம். வானில் இரைச்சல் கேட்டதும் அன்னையார் நம் கையைப் பிடித்துப் பதுங்குகுழிக்கு இழுத்தோடிய நாட்கள் பல. மனம் மறந்தாலும் கழுத்து மறப்பதில்லை.

அப்போது ஒரு மாணவன், "சேர், இந்தப் பாலத்தைப் போல, வயது போன விமானங்களுக்கும் வேறு வேலை உண்டோ?" என்று வினவினான். நல்ல வினா!

விமானத்தின் உலோகம், பறக்குந்தோறும் சிறிது சிறிதாகக் களைப்படைகின்றது. இத்தனை மணி நேரம் பறந்தபின் ஓய்வு என்று அதற்கும் ஒரு கணக்குண்டு. ஓய்ந்த பின்னும் அதன் உறுப்புகள் உதவுவனவே. மிக் 21 போர் விமானத்தின் ஜெற் இயந்திரங்கள் இரண்டை ஒரு தாங்கியின்மீது பொருத்தி, நீரைப் பீய்ச்சியடித்து, குவைத்தின் எண்ணெய்க் கிணறுகளில் மூண்ட தீயை 1991இல் அணைத்தனர் ஹங்கேரி நாட்டினர். அழிக்கப் பிறந்த இயந்திரம் அணைக்கவும் கற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் ஒரு கதையுண்டு. 1959ஆம் ஆண்டு முதல் 'ஜெற் புறொவோஸ்ற்' என்னும் பிரித்தானியப் பயிற்சி விமானங்கள் இலங்கை விமானப் படைக்கு வந்தன. ஆசானும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பறக்கும் சிறு விமானம் அது. பின்னர் அவற்றுட் சில திருகோணமலைச் சீனக்குடாவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவற்றைத் தட்டியெழுப்பி, ஆயுதம் பூட்டிப் பறக்கவிட்டனர். துயின்ற விமானத்தை மீண்டும் எழுப்பலாம் என்பதற்கு இதுவே சான்று. எதற்காக எழுப்புகிறோம் என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

கற்பிப்பதற்காக எழுப்பலாம் என்பது நம் துணிபு. சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. கல்லூரியில், ஓய்வு பெற்ற விமானங்கள் இரண்டை மாணவர் பார்வைக்கு வைத்திருந்தனர். அங்கு சேர்ந்த இராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர், ஏனையோர் விடுதிக்குச் சென்ற பின்னரும் அவற்றினருகே அமர்ந்திருப்பாராம். அவரே அப்துல் கலாம். விமானவியலை அவர் தெரிந்தெடுத்தமைக்கு அப்பழைய விமானங்களும் ஒரு காரணம்.

ஜெற் இயந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். காற்றை உள்ளிழுத்து, அமுக்கி, எரிபொருளுடன் எரித்து, பின்னே வெளித்தள்ளும் முறையை விளக்கியும் விடலாம். ஆனால் அதனைப் பிளந்து வைத்து, விசிறி அலகுகளைக் கையால் தொட்டுச் சுழற்றிப் பார்த்த பிள்ளைக்கு, நியூட்டனின் மூன்றாம் விதி பரீட்சைக்குப் பின்னும் நினைவில் நிற்கும்.

இதற்குச் சில கவனங்கள் வேண்டும். விமானியை ஆபத்து வேளையில் வெளியே வீசும் ஆசனத்தின் வெடிமருந்தை முதலில் அகற்றல் வேண்டும். எரிபொருளை முற்றாக வடித்தல் வேண்டும். பழைய கருவிகளின் முகப்பில் ரேடியப் பூச்சு இருந்தால் அதனையும் நீக்கல் வேண்டும். வாவிக் கரையின் உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்குமாதலால், நாற்சந்தியில் மேடை கட்டி வெயிலில் நிறுத்திவிடாது, கூரையின் கீழ் வைத்தல் வேண்டும்.

1958இல் அமைந்த நமது மட்டக்களப்பு விமானத் தளம், 1983இல் விமானப் படையின் கைக்குச் சென்று, 2018இல் பொதுமக்கள் பயணத்துக்காக மீண்டும் திறக்கப்பட்டது. தளமே திரும்பி வந்திருக்கையில், ஒரு பயிற்சி விமானம் கிழக்கிலங்கை மாணவரின் தொழிற்கூடத்துக்கு வருதல் பேராசையாகாது.

வினவிய மாணவனிடம் இவற்றையெல்லாம் கூறினோம். "அப்படி ஒன்று வந்தால் நீங்களும் ஏறிப் பார்ப்பீர்களோ, சேர்?" என்றான். சிறிது நேரம் வாவியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏறுவோம். நீ முன்னே ஏறு" என்றோம்.