கார்டிஃப்பில் பாட்டைத் தேடி

வேல்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு பாடகர் மேல்தான் விழ வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கார்டிஃப் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் கால் மணி நேரம் நின்றேன். தூறல், பஸ் இரைச்சல், கடற்காகங்களின் சண்டை. பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை.

சரி, கடையிலாவது கேட்போம் என்று ஸ்பில்லர்ஸ் ரெக்கார்ட்ஸைத் தேடி நடந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 1894-இல் தொடங்கிய, உலகிலேயே பழைய இசைத்தட்டுக் கடை என்கிறார்கள். நூறு வருடத் தூசியை எதிர்பார்த்து மோர்கன் ஆர்கேடின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நுழைந்தால், பளிச்சென்று புதுத் தட்டுகளும் டி-ஷர்ட்டுகளும். கடை பிறந்தது வேறு இடத்தில். இங்கே குடிவந்தது 2010-இல்தான். ஆக, பழையது பெயரும் தொழிலும். அந்தக் கால மெழுகு உருளையில் தொடங்கி இன்றைய வினைல் வரை விற்றுப் பார்த்துவிட்ட தொழில். ஒரு எல்.பி.யைத் திருப்பி விலை பார்த்தேன். 27 பவுண்ட். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பக்கத்து மார்க்கெட்டில், உலர்திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட வெல்ஷ் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன். அதிரசம் அளவு, மேலே சர்க்கரை, விரல் சுட்டது.

வளைகுடாப் பக்கம் சுமார் இரண்டு கிலோமீட்டர். வழி சுவாரஸ்யமில்லை, ரயிலில் போயிருக்கலாம். ஆனால் 2004-இல் திறந்த வேல்ஸ் மில்லெனியம் சென்டர் எதிரே வந்ததும் கால்வலி மறந்துபோனது. செம்பு நிற உலோக நெற்றியில் ஆளுயரத்தையும் மிஞ்சிய எழுத்துகள். வெல்ஷில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி; இரண்டும் கவிஞர் க்வினெத் லூயிஸ் எழுதியவை, ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல. எழுத்துகள்தான் ஜன்னல்கள்! அரங்கின் வெளிச்சம் அவை வழியாகவே கசிகிறது. வெளியே, இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் ஐவர் நொவெல்லோ சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியிலும் மழைத்தண்ணீர்.

பாட்டு கடைசியில் கிடைத்தது சாயங்காலம் ஏழரைக்கு, ஒரு தேவாலயக் கூடத்தில். ஆண்கள் பாடகர் குழுவின் ஒத்திகை. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்காரலாம். நாற்பது பேர், பெரும்பாலும் நரைத்த தலைகள், ஈரக் கம்பளி வாசனை. ஜோசப் பாரியின் ‘மவான்வி’ பாடினார்கள். சிறுவயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர் பாரி. பிற்காலத்தில் இந்த ஊர்க் கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்தார். பாடினார்கள் என்றா சொன்னேன்? ஒரே அடியை எட்டு முறை நிறுத்தி நிறுத்திப் பாடினார்கள். நடத்துனர் பென்சிலால் ஸ்டாண்டைத் தட்டுவார், எல்லோரும் மறுபடி மூச்சு இழுப்பார்கள்.

முன்வரிசைப் பெரியவரின் தாளை எட்டிப் பார்த்தேன். ஐந்து கோட்டுக் குறிப்புகளுக்கு மேலே டோ, ரே, மீ-யின் முதலெழுத்துகளைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். நம் ச ரி க ம போலத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்கள் இந்த முறையைத்தான் சொல்லிக்கொடுத்தன. கோட்டுக் குறிப்பு படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள் நாலு குரலில் பிரிந்து பாடியது அதனால்தான். ஒன்பதாவது முறை அடி சரியாக விழுந்தது. தாழ்ந்த குரல்காரர்களின் கார்வை என் பெஞ்சு மரத்தில் அதிர்ந்தது.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெரியவரிடம் ஸ்டேஷன் வாசலில் நின்ற கதையைச் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயேதான் எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ரக்பி மைதானம்.

“இன்றைக்கு மேட்ச் இல்லையே” என்றார், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.