சொட்டுகிற குழாய்

சொட்டுச் சொட்டாய் ஒழுகுகிற ஒரு குழாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டில் நடந்தது. பின்முற்றத்தில் ஒரு தென்னை, துணி துவைக்கிற கல், அதற்கு மேல் சுவரில் ஒரு பழைய பித்தளைக் குழாய். அது எப்போதிலிருந்து சொட்டுகிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சொட்டும்போதெல்லாம் யாராவது போய் இன்னும் கொஞ்சம் இறுக்கி முறுக்குவார்கள். இரண்டு நாள் நிற்கும். பிறகு மறுபடியும் டொக், டொக்.

"தென்னை மூட்டுக்குத்தானே போகுது, போட்டும்" என்பது ஆச்சியின் கட்சி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி சிமெண்டுத் தரையில் பாசியாகப் படிந்திருந்தது. போன மழைக்காலத்தில் அந்தப் பாசியில் கால் வழுக்கி, தென்னையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தவரும் அதே ஆச்சிதான். எழுபதைத் தாண்டியவர் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விடுமுறைக்கு வந்த பேரன் இந்த முறை விடுவதில்லை என்று இறங்கினான். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குழாயில் ஒழுக மூன்று இடங்கள் உண்டு. வாய், கைப்பிடித் தண்டின் கழுத்து, சுவரோடு சேரும் மரை. இங்கே சுவரும் ஈரமாக இருந்ததால் குழப்பம். அவன் குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டான். தண்ணீர் சத்தமில்லாமல் நூல் வழியே இறங்கியது. காலையில் சுவர் காய்ந்திருந்தது. ஆக, சுவர் ஈரம் வெறும் தெறிப்பு, ஒழுகுவது வாய் மட்டுமே. (இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற டொக் டொக்குக்கும் இந்த நூல் நல்ல மருந்து.)

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை வாளியில் சேர்ந்தது 7 லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 21, மாதத்துக்கு 630 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்து வழியும்!

வாய் ஒழுகினால் வாஷர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், அவனும் வாங்கி வந்தான். ஆனால் தண்ணீரை அடைக்கப் போனால் தொட்டிக்குக் கீழே இருந்த கேட் வால்வு வருஷக்கணக்கில் தொடாமல் இறுகிப் போயிருந்தது. கடைசியில் தொட்டிக்குள் கையை விட்டு, வெளியேறும் துவாரத்தில் துணியைத் திணித்து அடைத்தான். குழாயின் மேல்பாகத்தை ஸ்பானரால் கழற்றினால், பழைய வாஷரில் மோதிரம் பதிந்ததுபோல் ஆழமாக ஒரு பள்ளம். புதியதைப் போட்டான். நின்றது. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் டொக் :-)

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த வகைக் குழாய் 1845-இல் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் காப்புரிமை பெற்றது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. திருகும்போது தண்டு கீழே இறங்கி, ரப்பர் வாஷரை ஒரு வட்ட விளிம்பின் மேல் அழுத்தும். அந்த விளிம்பை பிளம்பர்கள் சீட் என்பார்கள். அவன் மறுபடி கழற்றி, சுண்டுவிரலால் சீட்டைத் தடவியபோது ஓர் இடத்தில் நகம் மாட்டியது. சின்ன வெட்டு. அதன் வழியே தண்ணீர் பாய்ந்து பாய்ந்து வெட்டை இன்னும் அரிக்கும். அந்த விளிம்பில் எத்தனை புது வாஷர் போட்டாலும் கிழியும்.

வெட்டு எப்படி வந்தது? கிணற்றுத் தண்ணீரில் வருகிற மணல் துகள் வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டும். அப்போது பலம் கொண்டு முறுக்கினால் துகள் பித்தளையைக் கீறும். உப்புத் தண்ணீராக இருந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மிச்சம் சிவந்து பொறுபொறுவென்று ஆகிவிடும். அந்த விளிம்பும் லேசாகச் சிவந்துதான் இருந்தது. ஒழுக்கை நிறுத்த என்று வீடே சேர்ந்து முறுக்கிய முறுக்குத்தான் அதைக் கெடுத்தது.

"நல்லா முறுக்கி அடைச்சா நிக்கும் மக்களே" என்றார் ஆச்சி.

"முறுக்கி முறுக்கித்தான் ஆச்சி இப்படி ஆச்சு."

சீட்டைச் சமமாகச் சீவ ஒரு கருவி உண்டு. ஆனால் சிவந்துபோன பித்தளையைச் சீவி என்ன பயன்? புதுக் குழாயே நல்லது என்றார் கடை அண்ணாச்சி. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார், அதற்கே அவருக்குக் கும்பிடு போடலாம். பழைய குழாயைக் கழற்றும்போது பின்னாலிருக்கும் எல்போவை இன்னொரு ரிஞ்சால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சுவருக்குள் பைப் உடையும், பிறகு சுவரை உடைக்க வேண்டும்.

அப்படியே பிடித்துக் கழற்றினான். புதுக் குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றினான். இடஞ்சுழியாகச் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்து வந்துவிடும். பத்துச் சுற்று சுற்றியபின் கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பானர். மறுநாள் காலை வாளி காலி.

புதியது கால் சுற்றிலேயே அடைகிற லிவர் குழாய். அதற்கு மேல் முறுக்க வழியில்லை. ஆச்சி இன்னும் அடைத்த பிறகு ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போகிறார்.

பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஒரு மத்தியானம் ஆனது. தென்னைக்கு இப்போது பாத்திரம் கழுவுகிற தண்ணீர், தினம் இரண்டு சருவம். மூட்டில் ஊற்றுவது ஆச்சியேதான்.