மதிலைப் பார்த்து வந்த பிறகு



மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம், கோந்த்வாவில் ஒரு சிறுமி என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது.

2019 ஜூன் 29 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், பெருமழைக்கு நடுவே கோந்த்வாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் சுற்றுச்சுவர் இடிந்தது. அதையொட்டித் தகரக் கொட்டகைகளில் உறங்கிய கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள்மேல் அது விழுந்து, 15 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் பீகாரிலிருந்து, நம்மைப்போலவே பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். சில நாட்களுக்குள் ஆம்பேகாவ் பகுதியிலும் ஒரு மதில் விழுந்து 6 பேர் இறந்தார்கள்.

அந்த வாரம் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று என்னை அழைத்தது. எட்டு வயது மகள், மேகம் கறுத்தாலே சாப்பிட மறுக்கிறாள். இரவெல்லாம் தாயின் சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். நான் சென்று ஜெபித்தேன். பின்பு, "விசுவாசமுள்ள பிள்ளை பயப்படலாமா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பிள்ளைங்களும் ஜெபம் பண்ணிட்டுத்தானே படுத்திருப்பாங்க, பாஸ்டர் தாத்தா?" என்றாள். நான் வாயடைத்துப்போனேன். இன்றும் அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

அன்றிரவு மாற்கு சுவிசேஷத்தில் படகு நிகழ்ச்சியை மறுபடி வாசித்தேன். ஆண்டவர் முதலில் காற்றை அமர்த்துகிறார். விசுவாசத்தைப் பற்றி அதன் பிறகே கேட்கிறார். (மத்தேயுவில் இந்த வரிசை மாறியிருக்கிறது என்பது வேதாகமக் கல்லூரியில் படித்தது. அன்று எனக்குத் தேவைப்பட்டவர் மாற்குதான்.) கேள்வியை முந்திக் கேட்டுவிட்டேன் என்று உணர்ந்தேன்.

மறுநாள் போய், "எதைப் பார்த்தும்மா பயம்?" என்று மட்டும் கேட்டேன். இடி என்பாள் என நினைத்தோம். அவளோ சமையலறைச் சன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். வீட்டின் பின்னால் ஓர் உயரமான மதில்!

தகப்பனாரும் நானும் அவளையும் அழைத்துக்கொண்டு குடைபிடித்துப் போய்ப் பார்த்தோம். மதிலுக்கு அப்பால் மண் நிரப்பியிருந்தது. நீர் வடிவதற்கான துளைகளை இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தன. நீரில் ஊறிய மண் பாரமாகிச் சுவரைத் தள்ளும் என்பது பெரியவர்களாகிய நமக்குத் தெரியும்; போய்ப் பார்க்கத்தான் நேரமில்லை. குடியிருப்புச் செயலாளரிடம் சொல்லித் துளைகளைச் சுத்தம் செய்ய வைத்தார்கள். அவளுடைய கட்டில் தெருப்பக்க அறைக்கு மாறியது. நாள் முழுவதும் அதே இடிபாட்டைக் காட்டிய தொலைக்காட்சியும் அணைந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சுவர் விழுவதாகவே பிள்ளை எண்ணியிருக்கிறாள்.

பெற்றோரே, "ஒன்றும் ஆகாது" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதிருங்கள். அது நம் கையில் இல்லை. "அப்பா மதிலைப் பார்த்துவிட்டேன், நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள்; அது காப்பாற்றக்கூடிய வாக்கு. மேகம் கறுத்த நாளெல்லாம் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்தத் தாய் மூன்று நாள் அப்படிச் செய்தார், பயம் வளர்ந்தது. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டால் குழந்தை மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கும் நாம் இதற்கு ஏன் கூச்சப்படவேண்டும்?

இடிக்கு ஒரு கணக்கும் கற்றுக்கொடுத்தேன். மின்னலிலிருந்து இடிவரை எண்ணவேண்டும். ஏறக்குறைய 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், வெளியில் இருப்பவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும்; கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் உள்ளேயே இருக்கவேண்டும். எண்ணுகிற பிள்ளைக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

அவ்வாண்டு செப்டம்பர் 25 இரவு கனமழையில் ஆம்பில் ஓடை பெருகிக் காத்ரஜ், சகார்நகர் பகுதிகளில் பலர் உயிரிழந்தார்கள். நள்ளிரவில் பதறி அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். தாய்தான் எடுத்தார். பின்னால் அவளுடைய குரல் கேட்டது: "ஏக், தோன், தீன்..." மராட்டியில்தான் எண்ணினாள். ஒன்பதில் இடி இடித்தது. "மூணு கிலோமீட்டர்மா" என்றாள். பிறகு, "அப்பா மதிலைப் பார்த்தாச்சா?" என்று கேட்டாள்.

அவர் டார்ச்சுடன் பின்பக்கம் போயிருந்தார்.