பின்னால் உட்காருபவர்

“தம்பி, மெதுவாப் போப்பா, தூக்கிப் போடுது” என்று அம்மா சொல்லத் தொடங்கி ஆறு மாதம் இருக்கும். வேகத்தடை வரும்போதெல்லாம் சொன்னார். நான் ரோட்டைத் திட்டினேன். குழாய்க்குத் தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போனவர்களைத் திட்டினேன். வண்டியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. ஓட்டுகிற எனக்கு அப்படி ஒன்றும் ஆடவில்லையே!

ஒருநாள் வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். பின்பக்கம், வலது ஷாக் அப்சர்பரில் கறுப்பாக ஒரு பிசுக்கு. எண்ணெயில் புழுதி ஒட்டி, பழைய விளக்கின் அடியில் படிவதுபோல இறுகியிருந்தது. விரலால் வழித்தெடுத்தேன். ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே தெரிந்த தண்டில் பொட்டுப் பொட்டாகத் துரு.

வண்டியை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. சீட்டின் பின்பகுதியை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விட்டார். நல்ல ஷாக் என்றால் மேலே வந்து நின்றுவிட வேண்டும். என் வண்டி மூன்று தடவை ஆடி அடங்கியது. “எண்ணெய் போயிடுச்சு தம்பி. வெறும் ஸ்பிரிங்லதான் ஓட்டிட்டு இருக்கீங்க.”

ஸ்பிரிங் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அப்படியே திருப்பியும் கொடுக்கும். அதை அடக்குவது எண்ணெய்தான். பிஸ்டனின் சின்னத் துளைகளில் எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறித் தீர்ந்துவிடுகிறது. துருவேறிய தண்டு ரப்பர் சீலை அறுத்தால் எண்ணெய் கசியும். பிறகு அந்த அடி முழுவதும் பின்னால் இருப்பவரின் இடுப்புக்குத்தான். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறார். பள்ளத்தைக் கண்டதும் காலை ஊன்றிக்கொள்கிறார். அம்மா பின்சக்கரத்துக்கு மேலே, சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார். பள்ளம் வருவது அவருக்குத் தெரியவே தெரியாது.

இடுப்புவலி மட்டுமல்ல. துள்ளுகிற சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்த நொடியில் பிரேக் பிடித்தால் பிடிமானம் இருக்காது.

எண்ணெய் நிரப்பித் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். என் வண்டியில் இருப்பது பிரிக்க முடியாதபடி மூடி வந்த உருளை. வெட்டித் திறந்து, நிரப்பி, பற்றவைக்க வேண்டும். துருப்பிடித்த தண்டு அப்படியே இருக்கும்போது புது சீல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வேண்டாம் என்றேன். அதிலும் கேஸ் அடைத்த ஷாக் என்றால், அதை வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

கசிந்தது ஒன்றுதான் என்றாலும் அண்ணன் இரண்டையும் மாற்றச் சொன்னார். ஒன்று இறுக்கமும் ஒன்று தளர்வுமாக இருந்தால் வளைவில் வண்டி நிலைகொள்ளாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட்டார். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கிவிடும்.

ஷாக்கின் அடியில் திருகி வைக்கும் ஐந்து படிகள் உண்டு. முன்பு ஆட்டம் குறையட்டும் என்று நானே கடைசிப் படியில் வைத்திருந்தேன். அது ஸ்பிரிங்கை இறுக்குமே தவிர எண்ணெயின் வேலையைச் செய்யாது. அம்மாவுக்கு இன்னும் கூடுதலாகத்தான் அடி விழுந்திருக்கிறது. அண்ணன் இரண்டாவது படியில் வைத்துக் கொடுத்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் சீட்டையும் ஒருமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். அதற்கு முன், பின்னால் உட்காருபவரைக் கேளுங்கள்.