கீழிறங்கி வந்த அபிராமி

அபிராமி என்ற திருநாமம் காதில் விழுந்ததும் அன்பர்களின் நெஞ்சம் திருக்கடையூருக்குப் போய்விடும். திண்டுக்கல் மக்களுக்கோ அந்தப் பெயர் தங்கள் ஊரின் மலையையும் சேர்த்தே நினைவூட்டும். ஒரு காலத்தில் அம்மலைமேல் வீற்றிருந்து, இன்று ஊரின் நடுவே கோயில் கொண்டிருப்பவள் அவள்.

ஐப்பசியும் கார்த்திகையும் சரத் ருதுவின் மாதங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, வறண்ட திண்டுக்கல் சமவெளி பசுமை போர்த்திக்கொள்ளும் காலம். குடும்பத்தோடு நடந்து பார்க்க இதைவிட ஏற்ற பருவம் இவ்வூருக்கு இல்லை. ஐப்பசிப் பௌர்ணமியையொட்டி வந்த விடுமுறையில், சென்னையில் வாழும் ஒரு குடும்பம் தங்கள் பூர்விக ஊருக்கு வந்திருந்தது. அப்பத்தாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பேரன் பேத்திகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மலைக்கோட்டைக்கு ஒருமுறையேனும் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். முழங்கால் வலி ஆண்டுதோறும் கூடி வருவதால் அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிவைக்க அவருக்கு மனமில்லை.

திண்டைப் போன்ற கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பர். மரமோ மண்ணோ அதிகம் இல்லாத ஒரே பெரும்பாறை அது. புலவர் மரபில் அதற்குப் பத்மகிரி என்று பெயர். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இங்குள்ள இறைவன் மீது தென்றல் விடு தூது பாடியிருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய அகலமான படிகளில் ஏற வேண்டும். மேலே நிழல் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டு செல்வது நலம். அப்பத்தா பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்ற இடத்திலெல்லாம் பிள்ளைகளும் நின்றார்கள். அதனால் மதில்களையும் பீரங்கி மேடைகளையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை இது. 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக அமர்ந்தார். கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கிடைத்ததும் இந்தச் சீமையில்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அதற்கு முடிவில்லை. அடியார்கள் தேடிச் செல்வது உச்சியில் இருக்கும் கோயிலை அல்லவா?

உச்சியில் கோயில் இருக்கிறது. சிற்பத் தூண்கள் தாங்கும் மண்டபம் இருக்கிறது. கருவறையும் இருக்கிறது, அதில் மூர்த்தி இல்லை. கோட்டை படைவீடாக மாறிய காலத்தில் பத்மகிரிநாதரையும் அபிராமியையும் ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. மலைமேல் மீண்டும் பூசை நடக்க வேண்டும் என்று ஏங்கும் அன்பர்கள் இன்றும் உண்டு. இப்போது இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

வெறும் கருவறைக்குள் எட்டிப் பார்த்த பேத்தி, "சாமி எங்க அப்பத்தா?" என்று கேட்டாள். அப்பத்தா உடனே விடை சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கீழ போயிட்டாத்தா. என்னய மாதிரி ஏற முடியாதவங்க எத்தனை பேரு இருக்காங்க. சாயங்காலம் போய்ப் பாப்போம்" என்றார்.

மழை பெய்து ஓய்ந்த நாள் ஆதலால் பாறைக் குழிகளில் நீர் நிறைந்து நின்றது. மலைமேல் ஊற்று இல்லாத குறையை மழைநீரைத் தேக்கியே முன்னோர் தீர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து நாற்புறமும் பார்வை செல்கிறது. கிழக்கே சிறுமலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் அங்கே ஓர் ஏரியும், அகத்தியரின் பெயரோடு கூடிய வழிபாட்டிடமும், மணம் மிக்க மலைவாழையும் உண்டு. தென்மேற்கே நீலமாய்த் தெரிவன பழனி மலைத்தொடரின் சரிவுகள். அவற்றின் அடிவாரத்தில் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். திண்டுக்கல்லின் தாகம் தீர்க்கும் நீர் அது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் குடகனாறு வடக்கே தாடிக்கொம்பை ஒட்டி ஓடி, பின்னர் அமராவதியில் கலக்கிறது.

தாடிக்கொம்புக்கு மறுநாள் போவதென்று முடிவாயிற்று. அங்கு எழுந்தருளியிருக்கும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ரங்க மண்டபத்துச் சிற்பங்களைக் காண ஒரு பொழுது போதாது. தூண்களில் வடித்த நரசிம்மரின் சீற்றத்தையும் ரதி மன்மதனின் ஒயிலையும் அங்கே காணலாம். சிற்பிக்கு எந்தச் சுவையும் அயலாக இருக்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பேரன் முன்னே ஒரு படி இறங்கி நின்று தோளைக் கொடுத்தான். அப்பத்தா அதைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.

மாலையில் அபிராமி அம்மன் கோயில். இங்கே இரண்டு மூலவர்கள். ஞானாம்பிகையோடு காளஹஸ்தீஸ்வரர் ஒரு பக்கம், அபிராமியோடு பத்மகிரீஸ்வரர் மறுபக்கம். இடம் தேடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்து, அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் காளஹஸ்தீஸ்வரரை ஊரார் ஏன் இத்தனை அன்போடு கும்பிடுகிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசிப் பௌர்ணமி ஆதலால் அன்னாபிஷேகம். வடித்த சோற்றால் திருமேனி முழுவதும் மூடப்பட்டு, காய்கனிகளால் அலங்காரம் செய்யப்பட்டிருந்தது. சன்னதியில் கூட்டம் நெரிந்தது. அபிராமியின் முன் அப்பத்தா வெகுநேரம் நின்றார். பட்டர் குங்குமம் தந்தபோதும் அவர் நகரவில்லை. பேத்திதான் கையை நீட்டி வாங்கி அவர் நெற்றியில் வைத்தாள்.

பௌர்ணமி இரவுகளில் பாறையை வலம் வரும் வழக்கம் இங்கு உண்டு. அப்பத்தாவால் முழுதும் நடக்க இயலவில்லை. கோட்டைக்குளத்தின் கரையில், கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அருகில் அமர்ந்துகொண்டார். மற்றவர்கள் வலம் வந்து சேரும்வரை, தொன்னையில் வாங்கிய அன்னப் பிரசாதத்தை அவர்களுக்காக மடியில் வைத்துக் காத்திருந்தார். நிலவு பாறைக்கு மேலே வந்துவிட்டது. உச்சிக் கோயிலின் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றி வந்த பேத்தி அதை முதலில் கண்டு கைகூப்பினாள்.