தூரத்தில் நின்றால்தான் மலை

பரந்த காட்சிக்கு வைடு ஆங்கிள் லென்ஸ், பறவைக்கும் விலங்குக்கும் டெலிபோட்டோ லென்ஸ் என்பது புகைப்படக்காரர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பங்கீடு. தமிழகத்தில் டெலிபோட்டோ என்றதும் காட்டுயிர்ப் படங்கள்தான் பேச்சில் வரும். மா. கிருஷ்ணன் பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவில் யானைகளைப் படமெடுத்தது அந்த மரபின் பழைய கதை. ஆனால் சில நிலப்பரப்புகளுக்கு இந்தப் பங்கீடு பொருந்துவதில்லை. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து தெரியும் கல்வராயன் மலை அப்படிப்பட்டது.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவது கல்வராயன். வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். தனித்து நிற்கும் கூரான சிகரம் இதற்கு இல்லை. மேடும் மடிப்புமாக நீண்டு கிடக்கும் மலை. சமவெளியிலிருந்து 800 மீட்டர் எழும் ஒரு முகட்டை 20 கி.மீ. தொலைவில் நின்று பார்த்தால், அது கண்ணில் எடுத்துக்கொள்ளும் உயரம் இரண்டேகால் பாகை மட்டுமே. முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மேலிருந்து கீழாக 53 பாகையைப் பிடிக்கும். அந்தப் படத்தில் மலை ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு உயரமுள்ள கோடாகத்தான் விழும். மீதியெல்லாம் வானமும் வயலும். அதே இடத்தில் 400 மி.மீ. லென்ஸை மாட்டினால் சட்டத்தின் உயரம் மூன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைவு. மலை அதில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும்.

டெலிபோட்டோ லென்ஸ் தூரத்தை நசுக்கி, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒட்டவைக்கிறது என்று சொல்லப்படுவதுண்டு. ஒட்டவைப்பது லென்ஸ் அல்ல, நிற்கும் இடம். ஒரே உயரமுள்ள இரண்டு பனைமரங்களில் ஒன்று 10 மீட்டரிலும் மற்றொன்று 100 மீட்டரிலும் இருந்தால், முன்னது பின்னதைப்போல் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். 400 மீட்டர் பின்னால் போனால் தொலைவுகள் 410, 500 என்றாகும். இப்போது முன்மரம் ஏறத்தாழ 1.2 மடங்குதான் பெரிது. எந்த லென்ஸ் மாட்டியிருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பின்னால் போனதால் சிறுத்துவிட்ட காட்சியை வெட்டியெடுத்துப் பெரிதாகக் கொடுப்பது மட்டுமே டெலிபோட்டோவின் வேலை.

இதனால்தான் மலையடிவாரத்தைவிடச் சமவெளி நல்ல இடமாகிறது. கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைப் பக்கம் போய் நிமிர்ந்தால் முதல் சரிவு பின்னால் உள்ளவற்றை மறைத்துக்கொள்ளும். பின்வாங்கி, இடையில் கரும்பும் நெல்லும் ஏரிக்கரையும் வருமாறு நின்றால், ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள் தலைகாட்டும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது காற்று. இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தூர முகடு ஒவ்வொன்றும் முந்தியதைவிட வெளிறியும் நீலமாகவும் தெரியும். ஆழத்தைச் சொல்ல வேறு எதுவும் இல்லாத டெலிபோட்டோ படத்தில் இந்த நிறப் படிவரிசைதான் ஆழம்.

நேரமும் திசையும் அடுத்தவை. கள்ளக்குறிச்சிக்கு மலை மேற்கில் இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். நிறம் தெளியும், மடிப்புகள் தட்டையாகும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, முகடுகள் நிழலுருவாக அடுக்குப் பிரியும். சின்னசேலம் பக்கம் போனால் மலை வடமேற்கில் வரும். மார்கழியில் சூரியன் தென்மேற்காகச் சாய்வதால் அங்கே மாலை ஒளி பக்கவாட்டில் பட்டு ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக்காட்டும். பௌர்ணமியை ஒட்டிய விடியலில் நிலவு மேற்கே மலைமேல் இறங்கும். நிலவின் அகலம் அரைப் பாகை. 20 கி.மீ. தொலைவில் அது முகட்டில் சுமார் 175 மீட்டர் நீளத்துக்கு ஈடாகும், 5 கி.மீ. தொலைவில் 44 மீட்டர்தான். மலைக்கு எதிரே நிலவு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் மலையை விட்டு விலகத்தான் வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய தரைக்கு மேலே காற்று அலையும். கானல் முகடுகளின் விளிம்பைக் கரைத்துவிடும். விலையுயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பது ஒன்றே வழி. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் தூசி அடங்கி, மலை அருகே வந்ததுபோல் தெரியும். மார்கழி, தை மாதங்களின் காலை மூடுபனி சமவெளியை மறைத்து மரங்களின் தலையை மட்டும் விட்டுவைக்கும்.

கருவியைக் கையாளும் முறையில் முதல் எதிரி அசைவு. லென்ஸின் நீளம் படத்தைப் பெரிதாக்குவதுபோல் நடுக்கத்தையும் பெரிதாக்கும். கையில் பிடித்தால் 300 மி.மீ. லென்ஸுக்கு 1/300 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. டிரைபாடில் வைத்தால் இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவது நல்லது. டிரைபாடை உணராத பழைய லென்ஸ்களில் அதிர்வுத் தடுப்பை அணைக்க வேண்டும். காற்றடிக்கும்போது நடுத்தண்டை உயர்த்தக்கூடாது. அடுத்தது ஃபோகஸ். எஃப்/11இல் 24 மி.மீ. லென்ஸை இரண்டு மீட்டருக்குக் குறித்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவு கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் அந்தக் குறி சுமார் 120 மீட்டருக்குப் போய்விடும். 60 மீட்டருக்கு உள்ளே இருப்பவை மங்கும். ஆகவே முன்னணிப் பொருளாக வயல் வரப்பைவிடத் தூரத்து மரவரிசையைத் தேடுவதே பொருத்தம். சூரியன் சட்டத்துக்குள் வரும்போது கண்ணாடிக் காட்சித்துளை (ஆப்டிகல் வியூஃபைண்டர்) வழியாகப் பார்க்கக் கூடாது, கண் கெடும்.

மலைமேல் லென்ஸின் பணி மாறுகிறது. வெள்ளிமலை, கரியாலூர்ச் சாலைகளில் காட்சிக்குப் பஞ்சமில்லை; அதிகம் இருப்பதுதான் சிக்கல். மின்கம்பி, கடைப்பலகை, சாலை வளைவு எல்லாம் ஒன்றாக வரும். 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ் அவற்றை விலக்கி, ஒரு சாமைக் கொல்லையையோ மரவள்ளிச் சரிவையோ மேகம் அருவியின் ஒரு படியையோ மட்டும் எடுக்க உதவும். ஆனால் கொல்லையில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடி மக்களின் கண்ணில் தூரத்து லென்ஸ் படாது. அடையாளம் தெரியுமளவு ஒருவர் படத்தில் வருவதானால் போய்க் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு தேவையில்லை. 1.5 மடங்கு சிறிய சென்சார் உள்ள சாதாரணக் கேமராவில் 70-300 ஜூம் லென்ஸ் 450 மி.மீ. வரையிலான பார்வையைத் தரும். கல்வராயனுக்கு அது தாராளம். லென்ஸ் வாங்கும் முன், எந்த ஏரிக்கரையில் எந்த மாதம் எந்த நேரத்தில் நிற்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பாதிப் படம் அதிலேயே முடிந்துவிடும்.