ஓமந்தைத் தவறணை

எங்கள் காலத்தில் அதை ஏ-9 என்று யாரும் சொன்னதில்லை, கண்டி வீதிதான். வவுனியாவிலிருந்து தாண்டிக்குளம் கடந்து, நொச்சிமோட்டைப் பாலமும் தாண்டினால் ஓமந்தை. சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையில் ஒரு பனங்கூடல் இருந்தது. அதற்குள் கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். ஊரார் தவறணை என்பார்கள். அம்மம்மா மட்டும் ‘அந்த இடம்’ என்பா.

அந்த இடத்துக்கு என்னை அனுப்பினதும் அவதான். பொழுதுபட்டும் அப்பு வராவிட்டால், “மோனை, ஓடிப்போய் வேலிக்கு வெளியில நிண்டு கூப்பிடு. உள்ளுக்குப் போகாதை” என்பா. இங்கே நான் எழுதுவதில் பாதி வேலியோடு நின்று பார்த்தது. மீதி, மீசை அரும்பிய பிறகு உள்ளே குந்தியிருந்து பார்த்தது.

சீவல் தொழிலாளிகள் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி, முட்டிகளில் கொண்டுவருவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது கருப்பணி, பிள்ளைகளும் குடிக்கலாம். தடவாவிட்டால் கள்ளு. இறக்கியவுடன் இனிப்பாகத்தான் இருக்கும், வெயில் ஏற ஏறப் புளிப்பும் வெறியும் ஏறும். அளக்கிறவர் முட்டியின் வாயில் பன்னாடையை விரித்து வடிப்பார். செத்த தேனீ, எறும்பு, பாளைத் துகள் எல்லாம் அதில் தங்கிவிடும். பிறகு போத்தலை நிரப்பிவிட்டு நுரை அடங்கும்வரை பார்த்திருப்பார். அந்த நேரம் மட்டும் கொட்டிலில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். நுரையோடு அளந்தால் நட்டம் குடிக்கிறவருக்கு, அடங்கியபின் அளந்தால் விற்கிறவருக்கு. எல்லோருடைய கண்ணும் போத்தல் கழுத்திலேதான்.

1970களின் தொடக்கத்தில் வடக்கில் மரவரி முறை போய், சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தலையெடுத்தன. அதற்கு முன்பு மரத்தடியிலும் வளவுகளிலும் நடந்த வியாபாரம், அதன் பிறகு தவறணைக்கு வந்தது.

தொட்டுக்கொள்ள மரவள்ளிக்கிழங்கு இருக்கும், பொரித்த யப்பான் மீன் இருக்கும். 1950களில் வெளியிலிருந்து கொண்டுவந்து குளங்களில் விட்ட திலாப்பியாவுக்குத்தான் வன்னியில் அந்தப் பெயர். மிளகாய்த்தூள் தடவி, தேங்காயெண்ணெயில் முறுகப் பொரித்ததை முள்ளோடு கடிக்கவேண்டும். கதை என்றால் தண்ணீர்க் கதைதான். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, வட்டவிதானை ஆருடைய வாய்க்காலை முதலில் திறந்தார், ஆருடைய வயலுக்குள் யானை இறங்கியது. மாடு தொலைத்தவன் பொலிசுக்குப் போகமாட்டான், தவறணைக்குத்தான் வருவான். கள்ளு முடிவதற்குள் மாடு எந்தப் பக்கம் போனது என்ற துப்புக் கிடைத்துவிடும்.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கொட்டிலுக்குள் போன நெல்லுக்காசுக்கு அம்மம்மாவிடம் தனிக் கணக்கு இருந்தது. அப்புவின் காதில் விழும்படி அதை மாதம் ஒருமுறையாவது வாசிப்பா.

ஊரெல்லாம் கூடுகிற இடம் என்றுதான் எழுத ஆசை. உண்மை அவ்வளவு நேரல்ல. காணிக்காரர் சிலர் உள்ளேயே வரமாட்டார்கள், போத்தல் வீட்டுக்குப் போகும். வந்தவர்களுக்கு வாங்கு, கிளாஸ். வேறு சிலருக்குப் பனங்குத்தி. மரமேறி இறக்கினவருடைய ஆட்கள் கொட்டிலுக்குப் பின்பக்கம் நிலத்தில் குந்தி, பனையோலையில் மடித்துக் கட்டிய பிளாவில் குடிப்பார்கள். பிளாவில் குடித்தால் கடைசி மிடறில் பச்சை ஓலை மணக்கும், கள்ளுக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. பின்னாளில் நான் அதை ஆசையாகக் கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்குகிறவனுக்கும், அதைத் தவிர வேறு கொடுக்கப்படாதவனுக்கும் ஓலை ஒரே மாதிரி மணக்குமா, தெரியாது.

இலண்டனில் மைடா வேல் பகுதியில் ‘பிரின்ஸ் அல்பிரட்’ என்றொரு பப் இருக்கிறது, விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டிடம். உள்ளே மரத்தாலும் சித்திரக் கண்ணாடியாலும் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக இடுப்பளவுக் கதவுகள். முதுகை வளைத்துத்தான் நுழையலாம். மதுமேசையில் கண் மட்டத்துக்குச் சுழலும் கண்ணாடிப் பலகைகள், துரைமார் முகம் தெரியாமல் குடிக்க. அந்தக் காலத்துப் பப்புகளில் தொழிலாளிக்கு ஒரு பக்கம், காசுக்காரருக்கு மெத்தை போட்ட இன்னொரு பக்கம். கூட்டிப்போன நண்பர் இதையெல்லாம் வியப்போடு காட்டினார். எனக்கு வியப்பாக இருக்கவில்லை. வெள்ளைக்காரனுக்குத் தச்சனும் கண்ணாடிக்காரனும் தேவைப்பட்டிருக்கிறார்கள். ஓமந்தையில் அந்தச் செலவு இல்லாமலே ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரிந்திருந்தது.

1990இல் போரால் யாழ்ப்பாண ரயில் நின்றது. 1997 மே மாதம் ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கி, ஓமந்தை இராணுவத்தின் கைக்குப் போனது. 1999 நவம்பரில் புலிகளிடம் திரும்பியது. 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தை என்றாலே சோதனைச்சாவடி என்றாயிற்று. பொதியை இறக்கு, அட்டையைக் காட்டு, வரிசையில் நில். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனம் அந்த வழியால்தான் முகாம்களுக்குப் போனது. அந்தப் பெயரைக் கேட்டால் இன்று எவருக்கும் கள்ளு ஞாபகம் வராது, வரவேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. பனங்கூடலில் ஷெல் பட்டுத் தலை போன மரங்கள் கனகாலம் நின்றன. கொட்டில் இருந்த இடத்தை நாயுருவி மூடிவிட்டது.

ஊருக்குப் போனபோது மச்சான் குளிர்ந்த பியர் ரின் ஒன்றை நீட்டினான். கள்ளு இல்லையோ என்றேன்.

“முதல்நாளே சொல்லிவைக்கோணும். சீவ ஆள் இல்லை. அண்டைக்கு இறக்கினவற்ர மகன் இப்ப கனடாவில.”

“ஒருத்தரும் ஏறமாட்டினமோ?”

“ஏன், நீ ஏறன்” என்றான் மச்சான்.